தனியார் பள்ளிகளில் நன்கொடையும் கட்டண உதவியும்: கணக்கில் தெரியாத கருணை

திருவனந்தபுரம்: ஜூன் மாதம் கேரளத்தில் பள்ளிகள் திறக்கும்போது, கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையத்தில் பல நிறச் சீருடைகள் ஒரே நேரத்தில் தென்படும். அட்டக்குளங்கரை அரசு மத்திய உயர்நிலைப்பள்ளிக்கும் சாலைப் பகுதியின் தமிழ்வழி அரசுப் பள்ளிக்கும் செல்லும் பிள்ளைகள் அங்கே இறங்குகின்றனர். அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும், உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கும் செல்வோரும் அதே நெரிசலைக் கடந்தே வகுப்புக்குச் செல்கின்றனர்.

முதல் இரண்டு வகைப் பள்ளிகளிலும் பத்தாம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் இல்லை. உதவி பெறாத பள்ளிகளில் கல்வியின் முழுச் செலவும் குடும்பத்தின் மீதே விழுகிறது. ஆண்டின் நடுவில் தந்தையின் கடை மூடப்பட்டாலோ, வெளிநாட்டு வேலை பறிபோனாலோ, வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தாலோ, அந்தக் கட்டணத்தை யார் செலுத்துவது? பெரும்பாலும் பள்ளி நிர்வாகத்தின் மனம் இளகினால் சலுகை கிடைக்கும். இளகாவிட்டால் பிள்ளை வேறு பள்ளிக்கு மாற வேண்டியிருக்கும். சாலைக் கடைவீதியில் தலைமுறைகளாக வணிகம் செய்துவரும் தமிழ்க் குடும்பங்கள் உட்பட, மாத வருவாயில் ஏற்ற இறக்கம் உள்ள எவருக்கும் இக்கேள்வி பொருந்தும்.

தனியார் பள்ளிகளில் கட்டணச் சலுகை இல்லாமல் இல்லை. முன்னாள் மாணவர் சங்கங்கள், பெற்றோர், அறக்கட்டளைகள், தொழில் நிறுவனங்கள் எனப் பலரும் கொடுக்கின்றனர். ஆனால் எவ்வளவு வந்தது, எத்தனை பிள்ளைகளுக்குச் சென்றது, எந்த அளவுகோலில் பகிரப்பட்டது என்பதைப் பெற்றோர் அறிய வழி அரிது. உதவியின் அளவைவிட, அதை நம்பித் திட்டமிட முடியாத நிலையே குடும்பங்களை அதிகம் பாதிக்கிறது.

கேரளத்தின் தனி வழி

கல்விச் செலவு அரசின் பொறுப்பு என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று. 1817ஆம் ஆண்டிலேயே திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விக்கான செலவை அரசே ஏற்க வேண்டும் என்ற ஆணையைப் பிறப்பித்தார். சுவாதித் திருநாள் காலத்தில், 1830களில், திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட ஆங்கிலப் பள்ளி ‘ராஜாவின் இலவசப் பள்ளி’ என்றே பெயர் பெற்றது. இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரியின் வேர் அதுவே.

மாநிலம் உருவான பின், 1958ஆம் ஆண்டு கேரளக் கல்விச் சட்டம் தனியார் மேலாண்மையில் இருந்த உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர் ஊதியத்தை அரசே நேரடியாக வழங்கும் முறைக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. தனியார் நடத்தினாலும் மாணவரிடம் கட்டணம் பெறாத பள்ளிகள் மாநிலம் முழுவதும் பரவியதற்கு இதுவே காரணம்.

இந்த வரலாறுதான் இன்றைய இடைவெளிக்கும் காரணமாகிறது. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்கு இலவசமாக வழங்க வேண்டும் என்கிறது. இப்பிரிவு செல்லும் என உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 12 அன்று தீர்ப்பளித்தது. சிறுபான்மைப் பள்ளிகளுக்குச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் அரசியல் சாசன அமர்வு கூறியது. அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என இருவர் அமர்வு 2025 செப்டம்பர் 1 அன்று கருத்துத் தெரிவித்து, தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியது.

இப்பிரிவை நடைமுறைப்படுத்தாத மாநிலங்களின் வரிசையில் கேரளமும் இடம்பெற்று வந்துள்ளது. வீட்டருகே கட்டணமில்லாத அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருக்கும்போது, பொதுப் பணத்தைத் தனியார் பள்ளிக்கு ஏன் திருப்ப வேண்டும் என்பதே இதற்கு ஆதரவாக முன்வைக்கப்படும் வாதம். அதில் வலு உண்டு. பொதுக் கல்வியை வளர்த்த மாநிலம் அதைப் பலவீனப்படுத்த விரும்பாதது இயல்பே.

ஆயினும் இந்த வாதம் புதிதாகப் பள்ளியில் சேரும் குழந்தைக்கே பொருந்துகிறது. ஏற்கெனவே தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும்போது குடும்ப வருவாயை இழந்த பிள்ளைக்கு அதில் விடை இல்லை. பாடத்திட்டம், பயிற்று மொழி, நண்பர்கள் அனைத்தையும் ஒரே நாளில் மாற்றிக்கொள்ள வேண்டிய நிலை அப்பிள்ளைக்கு ஏற்படுகிறது.

தமிழ்நாட்டின் பாடம்

சட்டப்படியான இடம் கிடைத்தால் மட்டும் போதுமா? எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டின் அனுபவம் எச்சரிக்கிறது. அங்கு ஆண்டு வருவாய் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவான குடும்பங்களின் குழந்தைகள் இணையவழியில் விண்ணப்பிக்கின்றனர். இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் நடக்கிறது. சேர்ந்த குழந்தைக்கு எட்டாம் வகுப்பு வரை கட்டணம் இல்லை.

அந்தத் தொகையை அரசு பள்ளிக்கு ஈடுசெய்ய வேண்டும். அரசு தன் பள்ளிகளில் ஒரு குழந்தைக்குச் செலவிடும் தொகை, தனியார் பள்ளியின் உண்மைக் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே ஈட்டுத்தொகை. அரசிடமிருந்து சலுகை விலையில் நிலம் போன்றவற்றைப் பெற்று, அதற்கு ஈடாக இலவசக் கல்வி வழங்க ஏற்கெனவே கடமைப்பட்ட பள்ளிகளுக்கு அந்த அளவுக்கு ஈட்டுத்தொகை கிடையாது.

மத்திய அரசுடனான ‘சமக்ர சிக்‌ஷா’ நிதித் தகராறால் 2025-26 கல்வியாண்டில் இந்தச் சேர்க்கை பல மாதங்கள் தடைபட்டது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான நிதியை அத்திட்டத்துடன் பிணைக்க வேண்டியதில்லை எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் கூறியது. பள்ளிகள் திறந்து பல வாரங்கள் கடந்து, அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. சட்டம் இருந்தும் பணம் நேரத்துக்கு வராவிட்டால், உரிமையும் கருணையைப் போலவே காத்திருக்க வைக்கும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

யாருடைய பணம்?

தனியார் பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டால், அத்தொகை எங்கிருந்தோ வந்தாக வேண்டும். அதற்கு மூன்று வழிகளே உள்ளன: அரசு, நன்கொடையாளர், அல்லது மற்றப் பெற்றோர்.

எடுத்துக்காட்டாக, 1,000 மாணவர்கள் தலா 40,000 ரூபாய் செலுத்தும் பள்ளியின் ஆண்டுக் கட்டண வருவாய் 4 கோடி ரூபாய். அதில் 5 விழுக்காட்டைச் சலுகைக்கு ஒதுக்கினால் 20 லட்சம் ரூபாய். 50 மாணவர்களுக்கு முழுக் கட்டணத்தையோ, 100 மாணவர்களுக்குப் பாதிக் கட்டணத்தையோ அதைக்கொண்டு ஈடுகட்டலாம். அத்தொகையை நன்கொடையாகத் திரட்டாவிட்டால், கட்டணம் செலுத்தும் மற்ற 950 அல்லது 900 குடும்பங்களின் பணத்திலிருந்தே அது செல்கிறது. அதில் தவறில்லை, ஆனால் அக்குடும்பங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இங்குதான் ‘நன்கொடை’ என்ற சொல்லே சிக்கலாகிறது. இந்தியப் பெற்றோரின் காதில் பள்ளி நன்கொடை என்றால் சேர்க்கைக்காகக் கேட்கப்படும் பணம் என்றே ஒலிக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு கட்டாய நன்கொடையைத் தடைசெய்கிறது. மீறினால் பெற்ற தொகையின் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் இணைப்பு விதிகளும் அதைத் தடுக்கின்றன. கட்டாய நன்கொடை மீதான அவநம்பிக்கை, மனமுவந்து கொடுக்கும் கொடையின் மீதும் படிந்துவிடுகிறது.

வரிச் சட்டமும் இவ்விரண்டையும் பிரித்தே பார்க்கிறது. அங்கீகாரம் பெற்ற கல்வி அறக்கட்டளைக்குத் தரும் நன்கொடையில் 50 விழுக்காட்டுக்கு, வருவாய் வரம்புக்கு உட்பட்டு, வரிக்கழிவு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. தன் பிள்ளையின் கட்டணத்துக்குப் பதிலாகச் செலுத்தும் தொகை நன்கொடை ஆகாது. 30 விழுக்காடு வரி செலுத்துபவர் 10,000 ரூபாய் கொடுத்தால், 5,000 ரூபாய்க்கான வரியாக ஏறத்தாழ 1,500 ரூபாய் மிச்சமாகும். புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு இச்சலுகை கிடையாது. அம்முறைக்கு மாறுவோர் பெருகப் பெருக, வரிச்சலுகையைக் காட்டி நன்கொடை திரட்டும் வழி சுருங்கும். பள்ளிகள் இனி நம்பிக்கையைக் காட்டியே திரட்ட வேண்டியிருக்கும்.

பிற நாடுகளில்

அமெரிக்கத் தனியார் பள்ளிகள் பலவற்றில் ஆண்டு நிதித் திரட்டல் நிலைபெற்ற வழக்கம். கட்டணம் முழுச் செலவையும் ஈடுகட்டாது என்பதைப் பள்ளியே வெளிப்படையாகச் சொல்லி, பெற்றோரிடமும் முன்னாள் மாணவரிடமும் ஆண்டுதோறும் கேட்கிறது. கட்டணத்துக்கு வரிக்கழிவு இல்லை, கொடைக்கு உண்டு.

பிரிட்டனில் தனியார் பள்ளிகள் பல, அறநிலையங்களாகப் பதிவு பெற்றவை. ஏழைகளுக்கும் பெயரளவுக்கு மேற்பட்ட பயன் அவற்றால் கிடைக்க வேண்டும். எவ்வாறு என்பதை நிர்வாகிகளே முடிவு செய்யலாம் என 2011இல் அங்குள்ள தீர்ப்பாயம் கூறியது. அதன்பின்னும் விவாதம் ஓயவில்லை. 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்தின் மீது 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்பட்டது. அறநிலையம் என்ற பெயரில் சலுகை பெறும் பள்ளி, அதற்கு ஈடாக ஊருக்கு என்ன தருகிறது என்ற கேள்வி அங்கும் எழுந்தது.

அக்கேள்வி இந்தியாவுக்கும் பொருந்தும். இங்கு பள்ளிகளை அறக்கட்டளைகள், சங்கங்கள், லாப நோக்கற்ற நிறுவனங்கள் ஆகியவையே நடத்துகின்றன. கல்வியை மட்டுமே நோக்கமாகக் கொண்ட, லாப நோக்கற்ற நிறுவனங்களுக்கே வரிவிலக்கு பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபர் 19 அன்று வலியுறுத்தியது.

வெளிப்படைத்தன்மையே முதல் படி

மத்திய வாரியத்துடன் இணைந்த பள்ளிகள் கட்டண விவரம், ஆசிரியர் எண்ணிக்கை, தேர்ச்சி விகிதம் போன்றவற்றைத் தங்கள் இணையதளத்தில் கட்டாயம் வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலில் இரண்டு வரிகள் சேர்த்தால் போதும்: கடந்த ஆண்டு எத்தனை மாணவர்களுக்குக் கட்டண உதவி வழங்கப்பட்டது, மொத்தத் தொகை எவ்வளவு. பெயர்கள் தேவையில்லை. எண்கள் வெளிவந்தாலே நன்கொடையாளருக்கு நம்பிக்கையும், தேவைப்படும் குடும்பத்துக்குக் கேட்கும் துணிவும் பிறக்கும்.

அடுத்ததாக, உதவி நிதிக்குத் தனி வங்கிக் கணக்கும் எழுதப்பட்ட விதிகளும் தேவை. வருவாய்ச் சான்று, கடைசி நாள், முடிவெடுக்கும் குழு ஆகியவை கட்டணம் செலுத்தும் பருவத்துக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும். ஆண்டின் நடுவில் வரும் இடர்களுக்கென ஒரு பங்கை ஒதுக்கி வைக்கலாம். சேர்க்கை நேரத்தில் எவரிடமும் நன்கொடை பெறுவதில்லை என்ற விதி இருந்தால், கொடைக்கும் இடத்துக்கும் தொடர்பில்லை என்பது தெளிவாகும். உதவி பெறும் பிள்ளையை மேடையேற்றிப் படமெடுக்கும் வழக்கமும் நிற்க வேண்டும்.

பெற்றோரும் சில பாதுகாப்புகளை அறிந்திருப்பது நல்லது. எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது எனக் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் குழந்தைக்கு மாற்றுச் சான்றிதழை உடனே வழங்க வேண்டும். சான்றிதழ் தாமதமானதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. மாற்றுச் சான்றிதழ் கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவி அன்று எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவுபடுத்தியது.

கேரளத்தின் அரசுப் பள்ளிகளும் உதவி பெறும் பள்ளிகளும் கதவைத் திறந்து வைத்திருக்கும் வரை, கிழக்கேகோட்டையில் இறங்கும் எந்தப் பிள்ளையும் பள்ளியில்லாமல் நிற்கப் போவதில்லை. அது இம்மாநிலத்தின் பெருமை. ஆனால் கட்டணம் செலுத்த முடியாமல் போன நாளில், அப்பிள்ளை தான் படித்த வகுப்பிலேயே தொடர முடியுமா என்பது இன்றும் பள்ளி அலுவலகத்தின் மூடிய கதவுக்குள் முடிவாகிறது. அந்த முடிவுக்கு ஒரு விதியும் ஒரு கணக்கும் கிடைக்கும்போதே, கொடுப்பவரின் பணம் உரிய பிள்ளையைச் சென்றடையும்.