தோல்வி வேறு, இழப்பு வேறு

வலயமட்ட விளையாட்டுப் போட்டி முடிந்த மறுநாள் பாடசாலைக்கு வராமல் நிற்கும் பிள்ளைகளை ஆசிரியர்கள் நன்கு அறிவர். காய்ச்சல் என்று சொல்லி அனுப்புவார்கள். உண்மையில் அது முதல்நாள் மைதானத்தில் எல்லோரும் பார்த்திருக்கக் கடைசியாக வந்த வெட்கம். அடுத்த கிழமை பயிற்சிக்கும் அப்பிள்ளை வருவதில்லை. "விளையாட்டுப் போதும், இனிப் படிப்பைப் பார்" என்று வீட்டிலும் சொல்லிவிடுகின்றார்கள். இவ்வாறு திறமையுள்ள பிள்ளைகள் பலர் ஒரேயொரு தோல்வியுடன் மைதானத்தை விட்டு விலகிப் போகின்றனர்.

இக்கட்டுரை அவர்களுடைய பெற்றோருக்கும் பேரன் பேர்த்திமாருக்கும் உரியது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் கையில் அகப்பட்டதுடன் வெளியேறினார்கள். 2004 டிசெம்பர் ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையோரத்தை அடித்துச் சென்றது. பருத்தித்துறைப் பக்கத்தில் பிறர் காணியிலும் நலன்புரி நிலையங்களிலும் பிள்ளை வளர்த்த கமக்காரக் குடும்பங்கள் பல. அக்குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாடசாலை மைதானங்களிலே ஓடுகின்றனர், பாய்கின்றனர், எறிகின்றனர்.

"வீடு, வளவு, கிணறு, தோட்டம் எல்லாவற்றையும் விட்டு வந்த எங்களுக்கா தோல்வியைப் பற்றிச் சொல்ல வருகின்றீர்கள்?" என்று நீங்கள் கேட்கக்கூடும். அது நியாயமான கேள்வி. அதற்கான பதில் இதுதான்: உங்களுக்கு நேர்ந்தது தோல்வி அன்று, அது இழப்பு. நீங்கள் எவருடனும் போட்டிக்குப் போகவில்லை. வெங்காயம் நட்ட தறையை விட்டு ஓடியபோது உங்களுக்கு ஒரு விதிமுறையும் இருக்கவில்லை, ஒரு நடுவரும் இருக்கவில்லை. "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாய்ப்பும் தரப்படவில்லை. அப்படிப்பட்ட இழப்பைப் "பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. விடாமுயற்சி இல்லாதபடியால் நீங்கள் காணியை இழக்கவில்லை.

மைதானத்துத் தோல்வி வேறு வகையானது. அங்கே எல்லோருக்கும் ஒரே கோடு, ஒரே அளவுநாடா. ஏன் தோற்றோம் என்பதை அளந்து சொல்லலாம். அடுத்த வருடம் திரும்பவும் வந்து நிற்கலாம். காரணம் தெரியாத இழப்புகளின் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, காரணம் தெரிந்த, திருத்தக்கூடிய ஒரு தோல்வி கிடைப்பது நல்லது. வாழ்க்கையில் எல்லாமே கையை மீறியவை அல்ல என்பதை அது அங்கேதான் முதன்முதலாக அறிந்துகொள்கிறது. ஆதலால் அந்தத் தோல்வியைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிடக் கூடாது. அதை அவமானமாகவும் ஆக்கிவிடக் கூடாது.

உயரம் பாய்தலை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தொடர்ந்து மூன்று முறை சட்டத்தைத் தட்டினால் வெளியேற வேண்டும் என்பது விதி. ஏனையோர் வெளியேறிய பின்னர், வெற்றி பெற்றவர் விரும்பினால் சட்டத்தை இன்னும் உயர்த்தச் சொல்லித் தொடர்ந்து பாயலாம். ஆகவே தங்கப் பதக்கம் பெறுபவர்கூடப் பெரும்பாலும் தாண்ட முடியாத ஓர் உயரத்தில் சட்டத்தை விழுத்திவிட்டுத்தான் வெளியே வருகின்றார். முதலாம் இடத்திற்கும் கடைசி இடத்திற்கும் உள்ள வேறுபாடு எந்த உயரத்தில் சட்டம் விழுந்தது என்பதே.

குண்டெறிதலிலும் தட்டெறிதலிலும் விதி இன்னொரு வகையில் இரக்கமுள்ளது. பெரிய போட்டிகளில் பொதுவாக முதலில் மூன்று வாய்ப்புகள். முன்னணியில் நிற்கும் எட்டுப் பேருக்கு மேலும் மூன்று. முன்னைய ஐந்து எறிதல்களும் குறைந்த தூரமே சென்றிருந்தாலும் ஆறாவது நன்றாக அமைந்தால் அதுவே கணக்கு. ஹாட்லிக் கல்லூரி மாணவர் எறிதல் போட்டிகளிலே அகில இலங்கை மட்டத்தில் பதக்கங்கள் பெற்றபோது பருத்தித்துறை மகிழ்ந்தது. அப்பதக்கங்களுக்குப் பின்னால் கணக்கில் வராத எத்தனை எறிதல்கள் மாலை வேளைகளில் புழுதியில் விழுந்திருக்கும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

எம்மண்ணின் மிகச் சிறந்த உதாரணம் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்கள். 1934இல் பெரியவிளானிலே பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டிக்கு இலங்கையின் சார்பில் உயரம் பாயச் சென்றபோது அவருக்கு 18 வயது நிரம்பவில்லை. பதக்கம் கிடைக்கவில்லை. நான்கு வருடங்களின் பின் 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக். அங்கும் பதக்கம் இல்லை. உலகத்தின் முன்னால் இரண்டு தடவை வெறுங்கையுடன் திரும்பிய அந்த இளைஞர், 1958இல் ரோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர், அதாவது 6 அடி 8 அங்குலம், பாய்ந்து தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது.

கதை அத்துடன் முடியவில்லை. 1962இல் ஜகார்த்தாவில் அவருக்குக் கிடைத்தது வெள்ளி. உச்சிக்குப் போனவரும் அடுத்த முறை இரண்டாவதாக வரலாம். அதற்காக அவர் ஒடுங்கிப் போகவில்லை. உயர்கல்வி கற்று, கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, பல நாடுகளில் கல்விப் பணி ஆற்றினார். முதிய வயதிலும் இங்கு வந்து எம்பிள்ளைகளின் விளையாட்டு வளர்ச்சிக்காக உழைத்தார். 2024இல் அவர் காலமானார். விளையாடினால் படிப்புக் கெடும் என்று சொல்லும் பெற்றோர் இவரை நினைத்துக்கொள்வது நல்லது.

குழு விளையாட்டில் தோல்வி இன்னும் கடினம். தான் நன்றாக ஆடியும் அணி தோற்றுப் போகும். எமது யாழ்ப்பாணத்தவரான தர்ஜினி சிவலிங்கம் அதை நன்கு அறிந்தவர். 2018இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் அவர் இருந்தார். அடுத்த வருடம் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 16 அணிகளுள் இலங்கைக்கு 15ஆம் இடம். அதே போட்டியில் அதிக கோல்கள் போட்டோரின் முன்வரிசையில் அவர் நின்றார். அணி பின்தங்கியது என்பதற்காக அவர் தமது ஆட்டத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை.

இனிப் பெரியவர்களாகிய நாம் செய்ய வேண்டியவை சில.

தோற்று வந்த பிள்ளையை அன்றிரவு அழ விடுங்கள். "பரவாயில்லை" என்று அவசரமாகத் துடைக்கவும் வேண்டாம், அயல்வீட்டுப் பிள்ளையுடன் ஒப்பிட்டு ஏசவும் வேண்டாம். மறுநாள் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். இம்முறை உனது அளவு என்ன? போன முறை என்ன? அடுத்த முறை எவ்வளவு? அவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைக்கப் பழக்குங்கள். கடைசியாக வந்த பிள்ளை போன முறையை விட நான்கு அங்குலம் கூடுதலாகப் பாய்ந்திருந்தால், அது கொப்பியிலேதான் தெரியும். எந்தத் தறையில் எத்தனை அந்தர் வெங்காயம் கிண்டினோம் என்பதை வருடக்கணக்காக மனதில் வைத்திருக்கும் கமக்காரனுக்கு இது புதிய கலை அல்ல.

பெண்பிள்ளை பெரியபிள்ளை ஆனதும் பயிற்சியை நிறுத்திவிடும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். தோல்வி தோற்கடிக்காத எத்தனையோ பிள்ளைகளை இவ்வழக்கம் தோற்கடித்துவிட்டது.

இன்னுமொன்று. காலையில் வெறுந்தேநீருடன் வந்து வெயிலில் 1500 மீற்றர் ஓடி மயங்கி விழும் பிள்ளையிடம் விடாமுயற்சியைப் பற்றிப் பேசுவது வீண்பேச்சு. அது அப்பிள்ளையின் தோல்வி அல்ல, எங்களுடையது. முட்டையும் பயறும் கீரையும் வீட்டுப் பின்வளவில் உண்டாக்கக்கூடியவை. பழைய மாணவரும் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்தால் இரண்டு நாள் சிரமதானத்தில் ஒரு பாய்தல் குழியை வெட்டி மணல் நிரப்பலாம். வயிற்றுக்கு உணவும் காலுக்கு நிலமும் கொடுத்த பின்னரே முயற்சியைக் கேட்கும் உரிமை எமக்கு வருகின்றது.

நடுவர் பிழையாகத் தீர்ப்பளித்தால் முறைப்படி எழுத்தில் ஆட்சேபிக்கவும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். தோல்வியை ஏற்பது என்பது அநீதியை ஏற்பது அல்ல. இந்த வேறுபாட்டைச் சிறுவயதில் மைதானத்தில் அறிந்த பிள்ளை, நாளை தன் குடும்பத்தின் காணி உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு கந்தோர் வாசலில் நிற்க நேர்ந்தாலும் தலைகுனியாது.

அடுத்த தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் வரும்போது, பெற்றோரே, ஒருதரம் மைதானத்துக்குப் போய் வாருங்கள். உங்கள் பிள்ளை முதலாவதாக வந்தாலும் கடைசியாக வந்தாலும் முடிவுக் கோட்டில் ஒரு செம்பு தண்ணீருடன் நில்லுங்கள். மறுநாள் அப்பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புங்கள்.