பழுதை மறைப்பவர் முன் வாய்மூடி இருப்பது தவக்குல் ஆகாது



நம் மஹல்லாக்களில் ஒரு பேச்சு வேரூன்றிவிட்டது. புதிதாக வாங்கிய வாகனத்தில் பிரேக் சரியில்லை, ஸ்டீயரிங் சரியில்லை என்று ஒருவர் வந்து சொன்னால், சுற்றி இருப்பவர்கள் உடனே கூறும் பதில்: "கம்பெனிக்காரனோடு மோத முடியுமா பாய்? அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போட்டுவிட்டு ஸப்ர் செய்யுங்கள்." கேட்பதற்கு இது ஈமானின் சொல்லைப் போல இருக்கிறது. ஆனால் இதில் ஈமானும் இல்லை, அறிவும் இல்லை. மார்க்கத்தின் பெயரால் இது சொல்லப்படுவதால், மார்க்கம் கற்பிக்கும் நாம் இதற்கு மறுப்புக் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

விஷயத்திற்கு வருவோம். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு புதிய கார் வாங்கினார். ஓராண்டு கூட முடியவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டீயரிங் திடீரென்று இறுகிவிடுகிறது. முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டியை ஓரங்கட்டி, அணைத்து, மீண்டும் இயக்கினால் விளக்கும் இல்லை, இறுக்கமும் இல்லை. நான்கு முறை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு சென்றார். நான்கு முறையும் கணினியைச் செருகிப் பார்த்துவிட்டு, "குறை எதுவும் காணப்படவில்லை" என்று எழுதி, வண்டியைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்தார்கள். நான்காம் முறை அங்கிருந்த அலுவலர் ஓர் ஆலோசனையும் சொன்னாராம்: "கொஞ்சம் மெதுவாக ஓட்டுங்கள் சார்."

குடும்பத்தோடு பயணம் செய்யும் ஒருவருக்கு, உத்தரவாதக் காலம் முடியாத வண்டிக்கு, இப்படி ஒரு பதில்! கணினியில் பதிவாகவில்லை என்பதால் குறையே இல்லை என்று ஆகிவிடுமா? காய்ச்சல் விட்டிருக்கும் நேரத்தில் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "உமக்குக் காய்ச்சல் வந்ததே இல்லை" என்று கூறும் வைத்தியரை நாம் ஏற்றுக்கொள்வோமா? வந்து வந்து போகும் குறையைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கடினமான வேலையைச் செய்வதற்கும் சேர்த்துத்தான் விலை வாங்கப்பட்டுள்ளது.

வாகன நிறுவனங்கள் பெரியவை, அவர்கள் தெரிந்தே ஆபத்தான பொருளை விற்கமாட்டார்கள் என்று நம்பும் சகோதரர்களுக்கு அமெரிக்காவில் நடந்ததை நினைவூட்டுகிறோம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சில கார்களில் சாவி திருப்பும் சுவிட்ச் தளர்வாக இருந்தது. சாவிக்கொத்தின் எடையாலோ ஒரு குலுக்கலாலோ அது தானே பின்னால் நழுவிவிடும். எஞ்சின் அணையும், ஸ்டீயரிங் இறுகும், மோதினால் ஏர்பேக்கும் விரியாது. 2005ஆம் ஆண்டில் நிறுவனம் தன் டீலர்களுக்கு அனுப்பிய அறிவுரை என்ன தெரியுமா? வாடிக்கையாளரிடம் சாவிக்கொத்திலுள்ள தேவையற்ற பொருள்களைக் கழற்றிவிடச் சொல்லுங்கள் என்பதுதான். மறு ஆண்டில் அந்த உதிரிபாகத்தை மாற்றி வடிவமைத்தார்கள். ஆனால் பாக எண்ணை மாற்றவில்லை. இதனால் பழைய பாகத்திற்கும் புதிய பாகத்திற்கும் உள்ள வேறுபாடு வெளியே தெரியாமல் போயிற்று. 2014இல்தான் திரும்பப் பெறுதல் தொடங்கியது. ஏறத்தாழ 26 இலட்சம் வாகனங்கள். இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. இத்தனையும் எப்படி வெளிவந்தது? ஜார்ஜியா மாநிலத்தில் மகளை இழந்த பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் தரப்பின் பொறியாளர் ஒருவர் இரண்டு சுவிட்ச்களை அருகருகே வைத்துப் பிரித்துப் பார்த்தார். அந்தப் பெண் விபத்துக்குச் சில நாள்களுக்கு முன்புதான், வண்டி ஓடும்போது அணைந்துவிடுகிறது என்று முறையிட்டு அதை டீலரிடம் விட்டு எடுத்திருந்தார். "மெதுவாக ஓட்டுங்கள்" என்பதற்கும் "சாவிக்கொத்தை இலேசாக்குங்கள்" என்பதற்கும் நமக்கு அதிக வேறுபாடு தெரியவில்லை.

இனி மார்க்கத்தைப் பார்ப்போம். பழுதைக் கூறாமல் விற்பது ஆகுமானதல்ல என்பது நம் மத்ரஸாவின் முதல் வகுப்பு மாணவனும் அறிந்த சட்டம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்ததும், அடியில் ஈரம் இருந்ததும், அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று விற்றவரைக் கடிந்துகொண்டதும் நாம் அடிக்கடி பயான்களில் கேட்பவை. அந்த விற்பனையாளர் கூறிய காரணம் மழை. இன்றைய விற்பனையாளர் கூறும் காரணம் கணினி. இவ்வளவுதான் வேறுபாடு.

ஆனால் பயான்களில் அதிகம் கேட்காத ஒரு பகுதியும் பிக்ஹில் உண்டு. விற்பவரின் கடமையைப் போலவே வாங்கியவரின் நடத்தையையும் நம் இமாம்கள் விரிவாகப் பேசியுள்ளார்கள். வாங்கிய பொருளில் பழைய பழுது இருப்பது தெரியவந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின்படி அந்த உரிமையை உடனே பயன்படுத்த வேண்டும். தொழுதுகொண்டிருந்தால் முடித்துவிட்டு வரலாம், உண்டுகொண்டிருந்தால் உண்டுவிட்டு வரலாம், இரவாக இருந்தால் விடியும்வரை பொறுக்கலாம். அதற்கு மேல் காரணமின்றித் தாமதித்தால் உரிமை போய்விடும். பழுது தெரிந்த பிறகும் பிராணியின் முதுகில் சேணத்தை அப்படியே விட்டு வைத்துப் பயன்பெற்றால்கூட உரிமை விழுந்துவிடும் என்று எழுதியிருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் உடனடித் தன்மை இல்லை. எனினும் பழுதை அறிந்த பிறகு தன் தேவைக்காக அதில் சவாரி செய்தால் அது சம்மதமாகக் கொள்ளப்படும். திருப்பிக் கொடுப்பதற்காக ஏறிச் சென்றால் அது சம்மதம் ஆகாது. எவ்வளவு நுட்பமான பார்வை! ஒட்டகத்துக்கும் குதிரைக்கும் இவ்வளவு கவனம் காட்டிய சட்ட மரபின் வாரிசுகள், எட்டு இலட்சம் ரூபாய் காருக்கு "ஸப்ர் செய்யுங்கள்" என்று ஃபத்வா கொடுக்கிறார்கள்.

ஸப்ர் என்பது அல்லாஹ்வின் விதிப்படி வந்த சோதனையில் மனம் தளராமல் இருப்பது. மனிதன் செய்த மோசடியைத் தட்டிக் கேட்காமல் இருப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்று நபியவர்கள் கற்பித்த செய்தி அனைவரும் அறிந்ததே. மேலும் இது வாங்கியவரின் சொந்த உரிமை மட்டுமன்று. ஸ்டீயரிங் இறுகிய வண்டி எதிரில் வரும் பள்ளிப் பிள்ளையின் மீதும் ஏறும். சொந்த ஹக்கை விட்டுக்கொடுக்க நமக்கு அனுமதி உண்டு. பாதையில் நடக்கும் அடுத்தவர் உயிரை விட்டுக்கொடுக்க எவருக்கு அனுமதி?

"நம்மால் என்ன நிரூபிக்க முடியும்? நாம் என்ஜினியரா?" என்று சிலர் கேட்கிறார்கள். இக்கேள்விக்கு நம் நாட்டின் உச்ச நீதிமன்றமே 2022 ஏப்ரலில் விடை கூறிவிட்டது. டெல்லியில் ஒருவருடைய ஹூண்டாய் கிரெட்டா கார் 2017இல் விபத்துக்குள்ளானபோது முன்பக்க ஏர்பேக்குகள் விரியவில்லை. விரியும் அளவுக்கு மோதலின் வேகம் இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். மோதல் விசையைக் கணக்கிடும் பௌதிக நிபுணராக நுகர்வோர் இருக்கத் தேவையில்லை என்று கூறி நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. இழப்பீடும் மாற்று வாகனமும் வழங்கும்படி நுகர்வோர் ஆணையம் இட்ட உத்தரவு நிலைத்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. எழுத்தில் உத்தரவாதம் கொடுத்த தயாரிப்பாளர், அதைக் கொடுத்ததில் தமக்குக் கவனக்குறைவோ மோசடியோ இல்லை என்று நிரூபித்தாலும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடு தொடங்கும் அல்மாயிதா அத்தியாயத்தை ஓதுபவர்களுக்கு இந்தச் சட்டம் அந்நியமாகத் தோன்றாது.

ஆயினும் சட்டம் தானாக நடந்து நம் வீட்டுக்கு வராது. நம்மவர்கள் பெரும்பாலும் தோற்பது வாதத்தில் அல்ல, காகிதத்தில். சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்லிவிட்டு வருகிறார்கள். ஜாப் கார்டில் "பொதுப் பரிசோதனை" என்று எழுதப்படுகிறது. நாளை உத்தரவாதம் முடிந்தபின் கேட்டால், இப்படி ஒரு முறையீடே வந்ததில்லை என்கிறார்கள். ஆகவே "ஓடும்போது ஸ்டீயரிங் இறுகுகிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது" என்று நாம் சொன்ன சொல்லிலேயே எழுதச் செய்து நகலை வாங்க வேண்டும். தேதியும் கிலோமீட்டரும் அதில் இருக்க வேண்டும். விளக்கு எரியும்போது உடன் இருப்பவர் கைப்பேசியில் படம் எடுக்கட்டும். ஓட்டுபவர் எடுக்க வேண்டாம். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது நீட்டப்படும் திருப்திச் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுவது நம்மிடமுள்ள ஒரு பழக்கம். குறை தீரவில்லை என்றால் அதிலேயே "குறை தீரவில்லை" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பிறகு டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். கோபச் சொற்கள் வேண்டாம், தேதிகள் போதும்.

அதற்கும் பதில் இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கு அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 இலட்சம் வரை இருந்தால் அங்கேயே மனுச் செய்யலாம். ஐந்து முதல் பத்து இலட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் 200 ரூபாய். நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். சோதனைக்கூட ஆய்வு தேவை என்றால் அதற்கு உத்தரவிடும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு.

இங்கே ஒரு தவறான யோசனையையும் கண்டிக்காமல் விட முடியாது. அந்தச் சகோதரரிடம் வேறொருவர் சொன்னாராம்: "எதற்கு வம்பு? நல்ல விலை வரும்போதே வண்டியைத் தள்ளிவிடுங்கள்." தள்ளிவிடுவது என்றால் யார் தலையில்? பழுது தெரிந்த நிலையில் சொல்லாமல் விற்றால், தானியக் குவியலுக்கு அடியில் ஈரத்தை வைத்தவர் இப்போது நாமே ஆகிவிடுகிறோம். வாங்குபவர் முஸ்லிமா இல்லையா என்ற கேள்விக்கே இதில் இடமில்லை. நிறுவனம் நமக்குச் செய்ததை நாம் இன்னொரு குடும்பத்துக்குச் செய்வதை எந்த மத்ஹபும் ஆகுமாக்கவில்லை. (வண்டி வாங்கிய கடனிலுள்ள வட்டியைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். அது தனியே எழுத வேண்டியது. அதைக் காட்டி இதை மூடிவிட வேண்டாம்.)

கடைசியாக ஒன்று. ஒரு வண்டியின் முறையீட்டைத் தனிமனிதரின் புலம்பல் என்று ஒதுக்கிவிடலாம். பல வண்டிகளின் முறையீட்டை அப்படி ஒதுக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, ஒரே வகை வாகனத்தில் பாதுகாப்புக் குறை இருப்பதாகக் குறிப்பிட்ட அளவு உரிமையாளர்கள் தெரிவித்தால், அவற்றைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசு ஆணையிடலாம். 2021 ஏப்ரல் முதல் விதிகள் நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டுகளுக்குட்பட்ட வாகனங்களுக்கு இது பொருந்தும். இதற்கென அரசின் வாகன இணையதளத்தில் தனிப் பக்கமே இருக்கிறது. அந்தச் சகோதரர் சென்ற வாரம் தன் முறையீட்டை அதில் பதிந்துவிட்டார். நம் மஹல்லாவில் அதே மாடல் கார் இன்னும் இரண்டு நிற்கின்றன. அதில் ஒன்றிலும் ஸ்டீயரிங் "எப்போதாவது கொஞ்சம் இறுகும், பரவாயில்லை" என்று அதன் உரிமையாளர் பள்ளிவாசல் திண்ணையில் கூறியதை நாம் கேட்டோம். பரவாயில்லை என்று விட்டுவிடாமல், வரும் ஜும்ஆவுக்கு முன்பாக அவரும் பதிவு செய்யட்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க நம் மத்ரஸாவில் அஸருக்குப் பின் ஆள் இருக்கும். ஜாப் கார்டு நகல்களை மறவாமல் எடுத்து வரவும்.