ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

சனிக்கிழமை சாயங்காலம். ஆபீஸ் முடிந்து பஸ்சில் நின்றபடி வீடு திரும்புகிறோம். மனதில் ஒரே கேள்வி: "நாளைக்கு என்ன செய்யலாம்?"

வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். "அப்பா, எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். அப்பா சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார். சினிமாவுக்கு நாலு டிக்கெட், இடைவேளைத் தீனி, திரும்பி வர ஆட்டோ... கணக்குப் போட்டாலே தலை சுற்றும். "அடுத்த வாரம் பார்க்கலாம்டா" என்று சொல்லிவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து விடுவார்.

அடுத்த வாரமும் இதே கதைதான்!

சென்னை மாதிரி ஊரில் இருந்துகொண்டு, பொழுதுபோக்கக் காசு இல்லை என்று சொல்லலாமா?

டிக்கெட் இல்லாத ஊர்

பறக்கும் ரயிலில் ஏறித் திருமயிலையில் இறங்குங்கள். தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு நடை. மாட வீதியில் பூக்கடை, பழக்கடை, பாத்திரக்கடை. வேடிக்கை பார்க்க யாரும் காசு கேட்கமாட்டார்கள். அப்படியே கச்சேரி ரோடு வழியாக சாந்தோம் வந்தால், கடற்காற்று முகத்தில் அடிக்கும். 1977-ல் திறக்கப்பட்ட கலங்கரை விளக்கத்திலிருந்து மணல் ஓரமாக வடக்கே நடந்தால், உழைப்பாளர் சிலை வரை சுமார் 3 கிலோமீட்டர். வழியில் ஆளுக்கு ஒரு பொட்டலம் சுண்டல். செலவு அவ்வளவுதான்!

பாட்டுக் கேட்க ஆசையா? 2017-ல் யுனெஸ்கோ நிறுவனம் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. மார்கழி சீசனில் பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. "நம்மை எல்லாம் உள்ளே விடுவாங்களா?" என்று வாசலில் தயங்க வேண்டாம். தாராளமாகப் போய் உட்காருங்கள். ராகம் தெரியாவிட்டால் என்ன? காது இருக்கிறதே! மேடையில் பாடுவது சின்னப் பையனாக இருப்பான். பத்து வருடம் கழித்து அவன் பெயருக்கே டிக்கெட் விற்கும். அன்று சொல்லிக்கொள்ளலாம், "இவனை நான் அப்பவே கேட்டேன்" என்று.

பறையும் கரகமும் ஒயிலும் பிடிக்கும் என்றால், பொங்கல் சமயத்தில் சென்னை சங்கமம். 2007-ல் தொடங்கி, நடுவில் நின்றுபோய், 2023-ல் மறுபடியும் பூங்காக்களுக்கும் மைதானங்களுக்கும் வந்தது.

இவ்வளவும் நம்முடையது. ஆனால் எல்லோருக்கும் கிடைக்கிறதா?

லீவு எங்கே?

நாம் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு தி.நகரில் சுற்றும்போது, துணிக்கடையில் புடவையை விரித்துக் காட்டுகிறாளே ஒரு பெண், அவளுக்கு என்றைக்கு ஞாயிற்றுக்கிழமை? ஓட்டலில் தண்ணீர் வைக்கும் தம்பிக்கு?

சட்டம் இல்லாமல் இல்லை. 1947-ம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி ஊழியருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. அந்த நாளுக்குச் சம்பளத்தையும் பிடிக்கக்கூடாது. கடையில் நின்றபடியே வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் ஒரு திருத்தமும் வந்தது. ஏட்டில் எல்லாம் சரிதான். நாட்டில்?

கடை முதலாளிகளும் நம் வாசகர்கள்தான். "ஞாயிற்றுக்கிழமைதானே சார் வியாபாரமே!" என்பீர்கள். நியாயம். ஞாயிறு வேண்டாம், செவ்வாயோ புதனோ கொடுங்கள். மாதத்தில் இரண்டு நாள் அல்ல, வாரம் ஒரு நாள். முறை வைத்து அனுப்பினால் கடையும் நடக்கும், ஆளும் தெம்பாக வருவான். அப்படியே நீங்களும் ஒரு சாயங்காலம் கல்லாவை மகனிடம் கொடுத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் வாருங்கள். உடம்புக்கு நல்லது!

மாநகராட்சிக்கு ஒரு வார்த்தை. நடைபாதை மோட்டார் சைக்கிள் நிறுத்த அல்ல, நடக்க. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு வழியில் சுத்தமான கழிப்பறை வேண்டும், குடிதண்ணீர் வேண்டும், வயசானவர்கள் உட்கார ஒரு பெஞ்சு வேண்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

1923-ம் ஆண்டு மே முதல் நாள், இதே சென்னைக் கடற்கரையில்தான் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். உழைக்கிறவனுக்கு ஓய்வும் உரிமை என்பது இந்த மணலில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பேசிய பேச்சு.

அதே கடற்கரையில், 1959-ல் வைத்த சிலையில் நாலு பேர் பாறையைத் தள்ளிக்கொண்டே நிற்கிறார்கள். இன்றுவரை ஒரு நாள் லீவு கிடையாது.

சிலைக்கு லீவு வேண்டாம். மனுஷனுக்கு?