பரீட்சை எழுதாதவர்களின் கணக்கு

ஆண்டுதோறும் மே மாதத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவுகள் வெளியாகும்போது, ஜில்லாக்கள் தேர்ச்சி விகிதத்தின்படி வரிசைப்படுத்தப்படுவதும், முன்னேறிய ஜில்லாவின் கல்வி அதிகாரிகள் பாராட்டப்படுவதும், பின்தங்கிய ஜில்லாவில் தலைமையாசிரியர்களைக் கூட்டி வைத்துக் காரணம் கேட்பதும் நமக்குப் பழகிப்போன காரியங்கள். மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று மாணவர்களின் பெயரை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டு அரசு 2017-இல் நிறுத்தியது. பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. ஜில்லாக்களுக்கும் பள்ளிகளுக்கும் மட்டும் அந்த வரிசை நீடிக்கிறது. சேலம் ஜில்லாவின் எண்ணைப் பார்க்கிறவருக்கு, சமவெளியின் நகரங்களோடும் பேரூர்களோடும் சேர்ந்து இருபது வட்டாரங்களில் ஒன்றாக ஏற்காட்டு மலையும் அதற்குள் அடங்கியிருப்பதை அந்த எண்ணிலிருந்து அறிய வழியில்லை. சேர்வராயன் மலைப் பிள்ளைகள் அத்தனை பேரும் தேறினாலும், பாதிப்பேர் தவறினாலும், ஜில்லாவின் சராசரி பெரிதாக அசையப்போவதில்லை.

இதைவிடக் கவலைக்குரிய விஷயம் வேறொன்று உண்டு. தேர்ச்சி விகிதம் என்பது ஒரு பின்னம். அதன் மேலே தேறியவர்களின் எண்ணிக்கையும், கீழே பரீட்சை எழுதியவர்களின் எண்ணிக்கையும் நிற்கின்றன. மேலே உள்ள எண்ணைக் கூட்டுவதற்கு ஆசிரியர்களின் உழைப்பும், புத்தகமும், காலமும், பிள்ளைகளின் வயிற்றுக்குச் சோறும் வேண்டும். கீழே உள்ள எண்ணைக் குறைப்பதற்கு இவை ஒன்றும் வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பில் தேறமாட்டான் என்று தோன்றுகிற பையனின் தகப்பனாரை அழைத்து, 'மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், தனித்தேர்வராக எழுதட்டும்' என்று தன்மையாகச் சொன்னால் போதும். எட்டாம் வகுப்பு வரையில் எவரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்ற விதி இருப்பதால், சல்லடை ஒன்பதாம் வகுப்பின் வாசலில் வந்து நிற்கிறது. இந்த வழக்கம் தமிழ்நாட்டுப் பள்ளிகளோடு சம்பந்தமுள்ள எவருக்கும் புதிதன்று. இதைச் செய்கிற ஆசிரியர் கொடியவரும் அல்லர்; நூற்றுக்கு நூறு காட்டாவிட்டால் விளக்கக் கடிதம் எழுதவேண்டிய நிலையில் அவரை நிறுத்தியிருக்கிறோம்.

மலையில் இந்தச் சல்லடைக்குக்கூட அவசியம் நேராதபடி, பிள்ளைகள் தாமாகவே நழுவிவிடுகிறார்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே காபியைக் கொண்டுவந்து நட்ட நாள் முதல், இம்மலையின் உழைப்பாளிகளுக்கு ஆண்டின் பருவங்களை வகுத்துக் கொடுப்பது காபித் தோட்டமே. நவம்பரில் பழம் சிவக்கத் தொடங்கினால் ஜனவரி வரையில் பறிப்பு ஓயாது. அந்நாட்களில் கூலி நிச்சயம் என்பதால், தாயும் தகப்பனும் விடிவதற்குள் தோட்டத்துக்குப் புறப்பட, வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் இடுப்பில் ஏறுகிறது. அரையாண்டுப் பரீட்சை சரியாக டிசம்பரில் வருகிறது. காபி ஓய்ந்தால் மிளகு. சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சார்த்திச் சரம் பறிக்கிற மாதங்களில் ஆண்டிறுதிப் பரீட்சையின் கால அட்டவணை வருகிறது. சமவெளியின் கால அளவையில் வகுக்கப்பட்ட பரீட்சைக்கு வராத மலையாளிப் பழங்குடிச் சிறுமி, வருகைப் பதிவேட்டில் முதலில் நீண்ட விடுப்பாகவும், பிறகு இடைநிற்றலாகவும் எழுதப்படுகிறாள். மே மாதத்து விகிதத்தில் அவள் எந்த இடத்திலும் இல்லை.

பள்ளிகளின் நிலையையும் சொல்லவேண்டும். இரண்டே ஆசிரியர்களோடு ஐந்து வகுப்புகளை நடத்தும் தொடக்கப் பள்ளியில், ஒருவர் பயிற்சிக்குக் கீழே இறங்கிவிட்டால், மற்றவர் ஒரே கூடத்தில் முதல் வகுப்புக்கு எழுத்தும் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, இடையில் 'எமிஸ்' என்னும் கல்வித்துறையின் இணையவழித் தகவல் பதிவுக்காகக் கைப்பேசியில் சமிக்ஞை தேடித் திண்ணைக்கும் மேட்டுக்கும் நடக்கவேண்டும். பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் ஒருபுறமும், கல்வித்துறையின் பள்ளிகள் மறுபுறமுமாக நிர்வாகம் இரண்டாகப் பிரிந்திருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியில் ஒரு பிள்ளை காணாமற்போனால் கேட்பதற்கு எந்த அதிகாரிக்கும் தனிப் பொறுப்பில்லை. 1917-இல் தோன்றிய மான்ட்ஃபோர்ட் போன்ற விடுதிப் பள்ளிகளால் கல்விக்குப் பெயர்பெற்ற இதே மலையில்தான் இது நடக்கிறது.

பரீட்சை முடிவைக் கொண்டு பள்ளியை எடைபோடும் எண்ணம் நம் காலத்துக் கண்டுபிடிப்பன்று. 1862-இல் இங்கிலாந்தில் இராபர்ட் லோ கொண்டுவந்த விதிகளின்படி, வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் ஆய்வாளர் சோதித்து, தேறியவர்களுக்கேற்பப் பள்ளிக்கு மானியம் தரப்பட்டது. தாமே பள்ளி ஆய்வாளராக இருந்த மாத்யூ ஆர்னால்டு அதைக் கண்டித்து எழுதினார். அதன் சாயலான மானிய முறை சென்னை மாகாணத்திலும் நெடுங்காலம் நடந்து, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. அமெரிக்கா அதே பாதையில் 2002-இல் சட்டமே இயற்றி நடந்தது. அட்லாண்டா நகரத்து அரசுப் பள்ளிகளில், பிள்ளைகளின் விடைத்தாள்களை ஆசிரியர்களே அழித்துத் திருத்தியதாக 2011-இல் அரசு விசாரணை கண்டறிந்தபோது, அதில் 44 பள்ளிகளும் 178 ஆசிரியர்களும் நிர்வாகிகளும் சம்பந்தப்பட்டிருந்தார்கள். 2015-இல் பதினொரு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. வேலையும் வெகுமானமும் ஓர் எண்ணில் தொங்கும்போது நல்ல மனிதர்களும் அந்த எண்ணைக் காப்பாற்றவே முற்படுகிறார்கள்.

பரீட்சையே வேண்டாம் என்பது நம் கட்சியன்று. மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையைக் கண்டுபிடிக்காமல் மேலே தள்ளிக்கொண்டே போவதும் அநியாயமே; அந்த வகையில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் நோக்கத்தை நாம் மனமார ஆதரிக்கிறோம். ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் பிறந்த உத்தரவு 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டதும், 2024 டிசம்பரில் மத்திய அரசு அவ்வகுப்புகளில் நிறுத்திவைக்கும் விதியை வெளியிட்டபோது தமிழ்நாடு அதை ஏற்க மறுத்ததும், 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியதும் நியாயமான முடிவுகள். ஆயினும் பரீட்சைகளைக் குறைப்பதனால் மட்டும் மலைச் சிறுமி பள்ளிக்குத் திரும்பிவிடமாட்டாள். 2024 டிசம்பரில் நடந்த தேசிய ஆய்வும், 2025 பிப்ரவரியில் மாநில அரசு நடத்திய அடைவு ஆய்வும், பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைச் சோதிக்கின்றன. வராதவர்களைப் பற்றி அவை எதுவும் சொல்லமுடியாது.

கணக்குக் கேட்பதென்றால் அதை முதல் வகுப்பிலிருந்து தொடங்கவேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். ஓர் ஊரில் முதல் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் சேர்ந்து, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இருபது பேர் வந்து, இருபது பேரும் தேறினார்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய முறையில் அது நூறு சதவீதம், நம் முறையில் ஐம்பது. அந்த ஐம்பதுக்குப் பதில் சொல்லவேண்டியவர் பத்தாம் வகுப்பு ஆசிரியர் மட்டுமல்லர். ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாதவரும், உயர்நிலைப் பள்ளி இல்லாத ஊருக்குப் பேருந்து விடாதவரும், பறிப்புக் காலத்தைப் பாராமல் அட்டவணை வகுத்தவரும் பதில் சொல்லவேண்டியவர்களே. இதற்குப் புதிய கணக்கெடுப்பு ஒன்றும் வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் உண்டு. பள்ளி செல்லாக் குழந்தைகளைத் தேடி ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய் எழுதிவருகிற பட்டியலும் உண்டு.

ஆகவே சேலம் ஜில்லாவின் ஆட்சியரையும், கல்வித்துறை, பழங்குடியினர் நலத்துறை அதிகாரிகளையும் நாம் கேட்டுக்கொள்வது இது: வருகிற மே மாதத்தில் தேர்ச்சி விகிதத்தை வெளியிடும்போது, ஏற்காட்டு வட்டாரத்துக்கு மட்டுமாவது, பத்தாண்டுகளுக்கு முன் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், ஒன்பதாம் வகுப்பு வரையில் வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பரீட்சை எழுதியவர்கள் எத்தனை பேர், அந்தப் பத்தாண்டுகளில் மலைப் பள்ளிகளின் ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை மாதங்கள் காலியாகக் கிடந்தன என்ற நான்கு எண்களையும் பள்ளிவாரியாக, தமிழில், ஊராட்சி அலுவலகங்களின் அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும். வரும் டிசம்பருக்குள் அரையாண்டுப் பரீட்சையை மலைப் பள்ளிகளுக்கு மட்டும் பறிப்புக்கு முன்போ பின்போ நடத்த முடியுமா என்பதையும் அவர்கள் பெற்றோரைக் கேட்டே முடிவு செய்யவேண்டும்.