அது கரண்ட் இல்லை, அத்தை!



கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படிப்பவன் நான். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள். அதனால் ஊரில் மோட்டார் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள்.

அப்படித்தான் எங்கள் அத்தையும் நீட்டினார். வெற்றிலை புகையிலை போட்டுப் போட்டுக் கன்னத்துக்குள் புண். "ஆறு வாரம் கரண்ட் வைக்கணுமாம்டா. நீதான் கரண்டுக்குப் படிக்கிறியே, ஷாக் அடிக்குமா?" என்றார். எனக்கு ஓம் விதி தெரியும், இது தெரியாது! "டாக்டர் சொன்னா கேளுங்க அத்தை" என்று நழுவிவிட்டேன். இரண்டு வாரத்தில் கழுத்துத் தோல் கறுத்தது. "கரண்ட் கருக்கிடுச்சு" என்று பாதியிலேயே மலையேறிவிட்டார். போன தை மாதம் இறந்துபோனார்.

பிறகுதான் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். உடம்புக்குள் கரண்ட் எதுவும் பாய்வதே இல்லை! 1895-ல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரேயின் குடும்பம்தான் அது. கதிர் செல்லுக்குள் எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது, அது டி.என்.ஏ. இழையை அறுக்கிறது. ஓர் இழை அறுந்தால் செல் ஒட்டிக்கொள்ளும். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால் ஒட்டுவது கஷ்டம். நல்ல செல்கள் மறுநாளைக்குள் பெரும்பாலும் தேறிக்கொள்ளும், புற்றுநோய்ச் செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது அதற்காகத்தான். நடுவில் நிறுத்தினால் மிச்சமிருப்பவை மறுபடி பெருகும்.

இன்னொன்று. குறைந்த எனர்ஜி எக்ஸ்ரே என்றால் சாது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லவே இல்லை! முப்பது, நாற்பது கிலோவோல்ட் கதிர் ஆழம் போகாமல் தன் சக்தியைத் தோலிலும் அதன் அடியிலுமே பெரும்பாலும் கொட்டிவிடும். அது கிளப்பும் எலக்ட்ரான்கள் வேகம் குறைந்தவை, நெருக்க நெருக்கமாக அடிப்பவை. அதனால் ஒரே டோஸ் கொடுத்தாலும் கோபால்ட் கதிரைவிட இது செல்லை அதிகம் சேதப்படுத்தும். படம் எடுக்கும் எக்ஸ்ரே குழாயில் அலுமினியத் தகடு வைத்து இந்த மென்கதிரை வடிகட்டுவது இதனால்தான். தோலில் வரும் புற்றுநோய்க்கு இதே குணம் உதவுகிறது. ஆழத்துக் கட்டிக்கு உதவாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு மருத்துவமனைக்கு 1950களிலேயே கோபால்ட்-60 வந்தது. அதன் கதிர் 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். உச்ச டோஸ் தோலுக்கு அரை சென்டிமீட்டர் கீழே விழும். அப்படியும் தோல் கொஞ்சம் கறுக்கும், ஏனென்றால் தோல் செல்லும் வேகமாகப் பிரியும் ஜாதி. சிகிச்சை முடிந்து சில வாரத்தில் பெரும்பாலும் ஆறிவிடும். இதை அன்றைக்கு அத்தையிடம் சொல்ல எனக்கு ஐந்து நிமிஷம் போதும்!

என் கட்சி இதுதான்: 'கரண்ட் வைக்கிறது' என்ற பேச்சை முதலில் நாம் விட வேண்டும். 'எக்ஸ்ரே வைத்தியம்' என்று சொல்லுங்கள். எக்ஸ்ரேயைப் பார்த்து யாரும் ஓடுவதில்லை. கரண்ட் படிக்கிற நாம் சொன்னால் ஊர் கேட்கும்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கும் அதே மாதிரிச் சீட்டு வந்தது. செம்மேட்டில் பஸ் ஏறி நானும் கூடப் போனேன். எழுபது வளைவும் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார்.