எட்டப்பன் காட்டிக்கொடுத்தாரா?
கரிசல் சீமையில் ஓயாத வாக்குவாதம்

காட்டிக்கொடுத்தவனைத் தமிழ்நாட்டில் எப்படித் திட்டுவார்கள்? "எட்டப்பன்" என்று திட்டுவார்கள். பள்ளிக்கூடத்துப் பையன் முதல் மேடைப் பேச்சாளர் வரை எல்லோர் வாயிலும் அந்தச் சொல் வரும்.

கழுகுமலையில் அதை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. கழுகுமலை, எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்திருந்த ஊர். மலையைக் குடைந்து அமைந்த முருகன் கோவிலுக்கு எட்டயபுரம் ஜமீன்தார்கள் திருப்பணி செய்திருக்கிறார்கள். அவர்களுடைய பட்டப்பெயர்தான் எட்டப்பன்!

கழுகுமலைக்குத் தெற்கே கயத்தாறு. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர். தென்கிழக்கே பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மன் ஆண்ட ஊர். இப்படிப்பட்ட சீமையில் நாலு பேர் கூடினால் பழைய சண்டையைப் பற்றிப் பேச்சு வராமல் இருக்குமா? வாதாடுகிறவர்கள் சரித்திரப் பேராசிரியர்கள் அல்ல. சாதாரண மக்கள். ஆனால், கேட்கும் கேள்விகள் சாதாரணமானவை அல்ல.

அச்சுக் கோத்தவர் எழுதிய சரித்திரம்

இந்த வாதத்தைத் தமிழ்நாடு முழுவதும் பரப்பியவர்களும் பேராசிரியர்கள் அல்லர். ம.பொ.சிவஞானம் மூன்றாம் வகுப்புவரைதான் படித்தவர். அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். அவர் தாமே தேடிப் படித்து, கட்டபொம்மனைச் சுதந்திர வீரன் என்று எழுதினார். 1959-ல் சிவாஜி கணேசன் நடித்த "வீரபாண்டிய கட்டபொம்மன்" படம் வந்தது. கட்டபொம்மன் புகழ் பட்டிதொட்டி எங்கும் பரவியது.

"கல்கண்டு" ஆசிரியர் தமிழ்வாணன் இதை ஒப்பவில்லை. "கட்டபொம்மன் கொள்ளைக்காரன்" என்றே ஒரு புத்தகம் எழுதினார். தமிழ்நாடு இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது.

காவல் பணமா, கொள்ளையா?

இருவரும் சொன்னது ஒரே ஆளைப் பற்றித்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

அந்தக் காலத்தில் பாளையக்காரர்கள் கிராமங்களில் காவல் பணம் வாங்கினார்கள். திருட்டு நடந்தால் பொருளை மீட்டுத் தரவேண்டும். இல்லாவிட்டால் ஈடுகட்ட வேண்டும். பாளையக்காரர் கண்ணுக்கு அது உரிமை. நாட்டையே தன் வசம் ஆக்க நினைத்த கும்பினியின் கண்ணுக்கு அது கொள்ளை. கும்பினிக் காகிதத்தை மட்டும் படித்தால் கட்டபொம்மன் கொள்ளைக்காரன். கதைப்பாடலை மட்டும் கேட்டால் குற்றமே இல்லாத வீரன். ஒரு பக்கத்துச் சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லலாமா?

சினிமாவையும் சாட்சியாக எடுக்க முடியாது. 1798-ல் கட்டபொம்மன் ராமநாதபுரத்தில் ஜாக்சன் துரையைச் சந்தித்தது உண்மை. அங்கே கைகலப்பு நடந்து, லெப்டினென்ட் கிளார்க் மாண்டதும் உண்மை. ஆனால் படத்தில் கேட்கும் வசனம், சக்தி கிருஷ்ணசாமி எழுதியது!

பிடித்தது யார்?

1799 செப்டம்பர் 5-ந் தேதி மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். முதல் தாக்குதலில் கோட்டை விழவில்லை. வெள்ளை அதிகாரிகள் சிலர் மாண்டார்கள். அதன்பின் இரவோடு இரவாகக் கட்டபொம்மன் வெளியேறினார்.

அவரைப் பிடித்தது எட்டப்பனா? இல்லை. புதுக்கோட்டைச் சீமையில் தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16-ந் தேதி கயத்தாறில் மற்ற பாளையக்காரர்கள் முன்னிலையில் விசாரணை. அன்றே தூக்கு.

அப்படியானால் எட்டயபுரத்தார் மீது பழியே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. பானர்மேன் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தை, பிஷப் கால்டுவெல் 1881-ல் தமது திருநெல்வேலிச் சரித்திரத்தில் அச்சிட்டிருக்கிறார். கட்டபொம்மனைப் பிடிக்க எட்டயபுரம் பாளையக்காரர் மும்முரமாக முயன்றார் என்று அதில் இருக்கிறது. கட்டபொம்மன் அவரை வெறுப்போடு பார்த்தார், கலங்காமல் தூக்குமேடைக்கு நடந்தார் என்றும் இருக்கிறது. தூக்கில் போட்டவரே எழுதிய சாட்சி இது! எதிரியே ஒப்புக்கொண்ட வீரத்தை யார் மறுப்பது?

இரு பாளையங்களுக்கும் எல்லைத் தகராறு முன்பே இருந்தது. கட்டபொம்மன் மாண்டபின் அவர் சீமையில் ஒரு பகுதி எட்டயபுரத்துக்குக் கிடைத்தது. ஆகவே, எட்டயபுரத்தார் கும்பினிக்கு உதவினார், பலனும் அடைந்தார். ஆனால் பிடித்துக் கொடுத்த கை வேறு.

மண் கோட்டையின் பலம்

1801 பிப்ரவரி 2-ந் தேதி கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்த கோட்டை ஒரு சில நாட்களில் மறுபடி எழுந்தது. இது நடக்குமா என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கல் கோட்டை அல்ல, மண் கோட்டை. மண்ணும் ஆட்களும் இருந்தால் போதும். அங்கே போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளை அதிகாரியே அதை வியந்து எழுதினார். மார்ச் 31-ந் தேதி நடந்த தாக்குதலை அந்த மண் சுவர் தாங்கியது. மே 24-ந் தேதிதான் கோட்டை விழுந்தது.

அதைத் தாக்கிய "வெள்ளையர் படை"யில் வெள்ளையர் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள்! ஒரு எட்டப்பன் பெயரைச் சொல்லிவிட்டால், இந்த உண்மை மறைந்துபோகிறது.

எந்த எட்டப்பன்?

பட்டப்பெயர் பல தலைமுறைக்கும் பொது. வெள்ளையருக்காக வந்த யூசுப்கானை எதிர்த்து 1750-களில் போரிட்டவர் என்று மாவீரன் அழகுமுத்துக்கோனை மக்கள் போற்றுகிறார்கள். ஆண்டுதோறும் ஜூலை 11-ந் தேதி மாலை போடுகிறார்கள். அவர் யாருக்காகப் போரிட்டார்? எட்டயபுரம் பாளையத்துக்காக! பின்னால் 1882-ல் பாரதியார் பிறந்ததும் அதே எட்டயபுரத்தில்தான். 1799-ல் ஒருவர் செய்ததற்காக, ஒரு ஊரின் பெயரையே வசைச் சொல் ஆக்குவது நியாயமா?

பாறையில் ஒரு சாட்சி

கழுகுமலைப் பாறையில் சமணச் சிற்பங்களை எல்லோரும் பார்க்கிறார்கள். அங்கே ஒரு போர்க் கல்வெட்டும் உண்டு. ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன், மாறஞ்சடையன் என்ற பாண்டியன் மலைநாட்டுக் கருநந்தன்மீது படையெடுத்தான். அரிவியூர்க் கோட்டையை அழித்தான். அந்தப் போரில் மாண்ட சாதாரண வீரர்களையும் கல்வெட்டு மறக்காமல் குறிக்கிறது. ஆனால், அதுவும் வென்றவர் பக்கத்துச் சாட்சிதான். கருநந்தன் பக்கம் மாண்டவர்களை அது சொல்லவில்லை.

பழைய போரைப் பற்றி வாதாடுவது நல்லது. அதனால் படிக்கும் ஆசை வளரும். ஆனால் வாதாடும்போது மூன்று கேள்விகள் வேண்டும். சொன்னவர் யார்? எப்போது சொன்னார்? சொன்னதால் அவருக்கு என்ன லாபம்? கும்பினிக் கடிதமானாலும், கதைப்பாடலானாலும், சினிமாவானாலும் இந்தக் கேள்விகளைக் கேட்டே தீரவேண்டும். "என் சாதிக்காரர், உன் சாதிக்காரர்" என்று பேச்சு திரும்பினால் அங்கே சரித்திரம் முடிந்து சண்டை தொடங்கிவிடும். 1799-லும் 1801-லும் கரிசல் மண்ணில் சிந்திய ரத்தம் போதும்.