அம்பாசிடருக்கு எதற்கு சீட் பெல்ட்?

நாமக்கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முட்டை ஞாபகம் வரும், ஆஞ்சநேயர் ஞாபகம் வருவார். லாரிக்காரர்களைக் கேட்டால் "பாடி கட்டுற ஊர்" என்பார்கள். கம்பெனியிலிருந்து சேஸிஸ் வரும், அதன்மேல் பாடி ஏறுவது இங்கே பட்டறையில்தான். பக்கத்திலேயே திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள், சங்ககிரியில் லாரிகள், சேலத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள். தகடு வெட்டவும் வளைக்கவும் வெல்டிங் வைக்கவும் தெரிந்த கைகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் பகுதி தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. தாத்தா வாங்கிய அம்பாசிடர், மாமா வீட்டுக் கொட்டகையில் தூங்கும் ஃபியட், எப்போதாவது கண்ணில் படும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு... இவற்றுக்கு மறுபடியும் உயிர் கொடுக்கும் ஆசை கொஞ்ச வருடங்களாகவே கூடியிருக்கிறது. 2014ல் அம்பாசிடர் உற்பத்தி நின்றுபோனது. அதே வருடம்தான் 'பண்ணையாரும் பத்மினியும்' படமும் வந்தது. கிடைக்காது என்று தெரிந்த பிறகுதானே ஒரு பொருளின் மேல் பாசம் கூடுகிறது!

ஆசை வந்துவிட்டால் செலவுக்கு அஞ்சுவதில்லை. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்து புதுத் தகடு வைக்கிறார்கள், பட்டி பார்க்கிறார்கள், கண்ணாடி போல பெயிண்ட் அடிக்கிறார்கள். பம்பருக்குக் குரோம், சீட்டுக்குப் புது குஷன். லட்சங்கள் கரைகின்றன. எல்லாம் முடிந்து வண்டி வெளியே வரும்போது பலவற்றில் ஒன்று மட்டும் இருக்காது. அது சீட் பெல்ட்.

ஏன் என்று கேட்டால் வழக்கமாக மூன்று பதில்கள் வரும். "சட்டத்தில் கட்டாயம் இல்லை." "ஒரிஜினாலிட்டி கெட்டுவிடும்." "அந்தக் காலத்து இரும்பு, ஒன்றும் ஆகாது." மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சட்டம். இந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 1993ல் ஒரு திருத்தம் வந்தது. அதற்கு ஒரு வருடம் கழித்துத் தயாராகும் கார்களில் முன்சீட் இரண்டுக்கும் கம்பெனியே பெல்ட் பொருத்த வேண்டும் என்றது அந்தத் திருத்தம். பின்சீட்டுக்கான விதி அதற்கும் பிறகுதான் வந்தது. பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற விதியும் "பெல்ட் பொருத்தப்பட்ட வண்டிகளில்" என்றே பேசுகிறது. ஆகவே 1970ல் வந்த அம்பாசிடரில் பெல்ட் இல்லாதது குற்றம் ஆகாது. 2019ல் சேர்க்கப்பட்ட 194பி பிரிவின்படி பெல்ட் போடாதவருக்கு 1000 ரூபாய் அபராதம் உண்டு. பழைய வண்டிக்காரர் அதிலிருந்து தப்பித்துவிடலாம்.

ஆனால் தப்பிப்பது அபராதத்திலிருந்து மட்டும்தான். எதிரே வரும் லாரி ஆர்.சி. புத்தகத்தில் வருடத்தைப் பார்த்துவிட்டு மோதுவதில்லை. பழைய வண்டிக்காரர்களை வீண் செலவில் இழுத்துவிடக் கூடாது என்பதற்காகக் கொடுத்த விலக்கு அது. பெல்ட் தேவையில்லை என்று அரசாங்கம் கொடுத்த சான்றிதழ் என்று அதை எடுத்துக்கொள்வது தவறு.

இரண்டாவது பதில் ஒரிஜினாலிட்டி. இதுதான் கொஞ்சம் வேடிக்கையானது. ஒரிஜினல் என்று சொல்லப்படும் வண்டிக்குள் ஒரு முறை எட்டிப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் ஏறியிருக்கும். ஏசி இருக்கும். டேஷ்போர்டில் துளை போட்டு மியூசிக் சிஸ்டம், கதவில் துளை போட்டு ஸ்பீக்கர், முன்னால் எல்.இ.டி. விளக்கு, கீழே அலாய் வீல். இவ்வளவும் செய்தபோது கெடாத ஒரிஜினாலிட்டி, உயிரைக் காப்பாற்றும் இரண்டங்குல நாடா ஒன்றில் கெட்டுவிடுமாம்!

சரி, உண்மையிலேயே எதையும் மாற்றாமல் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மரியாதைக்குரியவர்கள். 2021ல் வந்த விதிப்படி, 50 வருடம் தாண்டிய, சேஸிஸ், பாடி, இன்ஜின் மாறாத சொந்த உபயோக வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்து 'வி.ஏ.' என்ற எழுத்துள்ள நம்பர் பிளேட் வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். அப்படி வாங்க நினைப்பவர் ஒரு துளை போடுவதற்கு முன்னால்கூட ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லதுதான். ஆனால் அந்தப் பதிவு உள்ள வண்டியைத் தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல், ரிப்பேர் போன்றவற்றுக்கு மட்டும்தான் வெளியே வரலாம். ஆக, ஒரிஜினலாகவே வைத்திருப்பவரின் வண்டி பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும். முகூர்த்த நாளில் பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு ராசிபுரத்திலிருந்து சேலம் வரும் வண்டிக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெல்ட் ஒன்றும் நேற்று வந்த பொருள் இல்லை. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி 1956 மாடலிலேயே இடுப்பு பெல்ட்டைக் கூடுதல் வசதியாக விற்றது. இன்று எல்லாக் காரிலும் இருக்கிற மூன்று முனை பெல்ட்டை வால்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் 1959ல் கொடுத்தார். அதற்கு முன்னால் அவர் சாப் நிறுவனத்தில், ஆபத்தில் விமானியைத் தூக்கி வெளியே எறியும் இருக்கைகளை வடிவமைத்தவர். அந்தக் காப்புரிமையை வால்வோ மற்ற கம்பெனிகளுக்கும் திறந்துவிட்டது. அதாவது அம்பாசிடரும் மூன்று முனை பெல்ட்டும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள். இரண்டும் ஒன்றாகச் சேராமல் போனதுதான் தப்பு.

மூன்றாவது பதில், "அந்தக் காலத்து இரும்பு". இதை நம்புகிறவர்கள்தான் அதிகம். தகடு கனமாக இருப்பது உண்மை. ஆனால் விபத்தில் நடப்பது என்ன? கார் எதிலாவது மோதி நின்றுவிடுகிறது, உள்ளே இருப்பவர் நிற்பதில்லை. கார் போன வேகத்திலேயே அவர் முன்னால் போய்க்கொண்டிருப்பார், ஸ்டீயரிங்கோ டேஷ்போர்டோ கண்ணாடியோ தடுக்கும் வரை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்று மாடி! மூன்றாவது மாடியிலிருந்து குதிக்கும்போது கட்டடம் நல்ல கெட்டியான இரும்பில் கட்டியது என்பதில் என்ன ஆறுதல்?

கணக்கை இன்னும் கொஞ்சம் போடலாம். அந்த வேகத்தில் பெல்ட் இல்லாமல் போய் மோதும் உடம்பு 10 சென்டிமீட்டருக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அதன்மேல் விழும் விசை உடல் எடையைப் போல 100 மடங்கு. பெல்ட் உடம்பைக் காரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வதால், காரின் முன்பக்கம் நசுங்கும் தூரமும் கணக்கில் சேருகிறது. அரை மீட்டர் கிடைத்தால் 20 மடங்காகக் குறைகிறது. அதுவும் மார்பெலும்பு, தோள், இடுப்பெலும்பு என்று தாங்கக்கூடிய இடங்களில் பரவி விழுகிறது. பழைய கார்களின் ஸ்டீயரிங் ராடு மோதலில் மடங்கிக் கொடுக்கும் வகையும் இல்லை. நேராக நெஞ்சுக்கு வரும்.

இதே கணக்கைக் குழந்தைக்கும் போட்டுப் பாருங்கள். முன்சீட்டில் அம்மா மடியில் உட்கார்ந்திருக்கும் 10 கிலோ குழந்தை அந்த நொடியில் 200 கிலோ. எந்த அம்மாவாலும் பிடித்து நிறுத்த முடியாது. பாசம் இல்லாததால் அல்ல, கையால் முடியாது என்பதால். பிரிட்டனில் பழைய கார்களுக்கு நம் ஊர் போலவே பெல்ட் விலக்கு உண்டு. ஆனால் பெல்ட் இல்லாத காரில் 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை ஏற்றவே கூடாது, அதற்கு மேற்பட்ட குழந்தைகள் பின்சீட்டில்தான் உட்கார வேண்டும் என்று விதி. காரை விட்டுக்கொடுத்தார்கள், குழந்தையை விட்டுக்கொடுக்கவில்லை.

"நாங்க மெதுவாத்தான் ஓட்டுவோம்" என்பார்கள். இருக்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் எல்லோரும் பயந்து மெதுவாகத்தான் ஓட்டுகிறார்கள். ஆபத்து கீழே சமவெளியில் இருக்கிறது. அம்பாசிடர் பிறந்தபோது சேலம்–நாமக்கல் ரோடு இன்று இருப்பது போல நான்கு வழிச்சாலை இல்லை. இன்று அது ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. நீங்கள் 50ல் போகலாம். பின்னால் வருகிறவர் 100ல் வருவார். அவர் வேகத்தை நீங்கள் முடிவு செய்ய முடியாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ல் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் ஏறக்குறைய பாதி பேர் ஓட்டுநர் அல்ல, கூட வந்தவர்கள். அதே 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது விலை உயர்ந்த புதுக் காரின் பின்சீட்டில், பெல்ட் போடாமல். முன்சீட்டில் இருந்த இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். பின்சீட் பத்திரம் என்ற நம்பிக்கையை அந்த ஒரு விபத்தே உடைத்திருக்க வேண்டும்.

சரி, பெல்ட் போடுவது என்று முடிவு செய்தால் எப்படிப் போடுவது? இங்கேதான் நாமக்கல் கைகளுக்கு வேலை. பெல்ட்டின் பலம் நாடாவில் மட்டும் இல்லை, அது பிடித்திருக்கும் இடத்தில் இருக்கிறது. மேலே சொன்ன 20 மடங்கு என்பது 70 கிலோ ஆளுக்கு 1,400 கிலோ. ஒரு காரையே அந்த போல்ட்டுகளில் தொங்கவிடுவது மாதிரி. வெறும் தகட்டில் துளை போட்டு வாஷர் வைத்து முறுக்கினால் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அடியில் கனமான தகடு வைத்துத்தான் பிடிக்க வேண்டும். நடுக்கதவுத் தூண் உள்ளே கூடாக இருப்பதால், நட் வைத்த தகட்டை உள்பக்கம் வெல்டிங் செய்ய வேண்டும். சீட் பெல்ட்டுக்கென்றே வரும் 7/16 அங்குல ஹை டென்சைல் போல்ட்தான் போட வேண்டும். தோளுக்கு வரும் முனை தோள் உயரத்துக்குக் கீழே போகக் கூடாது, போனால் மோதலில் முதுகெலும்பை அழுத்தும். சீட்டின் ஃபிரேமில் கட்டவே கூடாது.

முக்கியமாக, இதெல்லாம் டிங்கரிங் நடக்கும்போதே செய்ய வேண்டியது. பெயிண்டும் குஷனும் முடிந்த பிறகு வெல்டிங் என்றால் யாருக்கும் மனசு வராது. அதோடு, தளம் துருப்பிடித்திருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். பட்டி போட்டு மூடிய துருவில் மாட்டிய பெல்ட் வெறும் அலங்காரம்.

இன்னொரு எச்சரிக்கை. காயலான் கடையில் நொறுங்கிய காரிலிருந்து கழற்றிய பெல்ட் மலிவாகக் கிடைக்கும். ஒரு விபத்தைத் தாங்கிய நாடா ஏற்கனவே இழுபட்டிருக்கும். அடுத்த முறை அதை நம்ப முடியாது. லட்சக்கணக்கில் செலவு செய்கிறவர் இதில் மிச்சம் பிடிக்கலாமா?

பெல்ட் போட்டுவிட்டால் பழைய கார் புதுக் கார் ஆகிவிடாது, இதையும் சொல்லத்தான் வேண்டும். 2009ல் அமெரிக்காவில் ஒரு 1959 செவர்லே பெல் ஏரையும் ஒரு 2009 செவர்லே மலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்தார்கள். கனமான பழைய காரின் கேபின்தான் நசுங்கியது. பழைய காரில் ஏர்பேக் கிடையாது, தலைக்குப் பின்னால் ஹெட்ரெஸ்ட் கிடையாது. ஆனால் எல்லா விபத்தும் அவ்வளவு கடுமையானது இல்லை. பெல்ட் போட்டால் இறக்கும் ஆபத்து பாதி வரை குறையலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதி என்பது சின்ன விஷயமா?

இழப்பும் ஒன்று உண்டு. முன்னால் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர் என்று அடைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகும் அம்பாசிடர் சுகம் போய்விடும். பெல்ட் எத்தனையோ ஆள் அத்தனைதான். நிறைய பேருக்கு உண்மையான தயக்கம் இதுதான், ஒரிஜினாலிட்டி எல்லாம் வெளியே சொல்வதற்கு.

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளிடம் போய் "தகட்டைப் பலப்படுத்தி நட் வைத்துக் கொடுங்கள்" என்றால் அரை நாள் வேலை. கேட்கிற ஆள்தான் இல்லை. அடுத்து பழைய காரைப் பட்டறையில் விடப்போகிறவர்கள் பெயிண்ட் கலர் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லட்டும். தாத்தாவின் கார் மேல் இவ்வளவு பாசம் என்றால், அதில் ஏறப்போகும் பேரன் பேத்திகள் மேலும் கொஞ்சம் இருக்க வேண்டாமா?